ராமநாதபுரம் கடற்கரையின் கல்லும் மணலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி பக்கம் நிலவியல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் சில கேள்விகள் தவறாமல் வரும். மாணவர்கள் மட்டும் இல்லை, டீக்கடையில் நிற்கும் மீனவர், வெளியூரிலிருந்து வந்த யாத்திரிகர், கூட வந்த பெற்றோர் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கனிமம், பாறை, புவித்தட்டு, எரிமலை, பாறையின் வயது என்று முதலாம் ஆண்டுப் பாடத்தில் வருபவை எல்லாம் இதில் வரும். பாடப்புத்தக வரிசையில் மட்டும் வராது.

எங்கள் ஊரில் மலையே இல்லையே, நிலவியல் படிக்க இங்கே என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதில் சொல்ல ஆசையாக இருக்கும். மலை என்பது எப்போதோ நடந்து முடிந்த ஒரு கதையின் மிச்சம். மதுரை யானைமலையில் ஏறி நின்றால் அந்தப் பாறை உருவானதை நாம் பார்க்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். ராமநாதபுரம் கரையில் அப்படி இல்லை. இங்கே கல் இன்றைக்கும் உருவாகிக்கொண்டிருக்கிறது. அலை மணலைக் கொண்டுவந்து போடுகிறது, சுண்ணாம்பு அதை ஒட்டவைக்கிறது, பவளம் கடலில் சுண்ணாம்பை இறுக்கிக் கல்லாக்குகிறது, உப்பளத்தில் கனிமம் கண் முன்னாலேயே படிகமாகிறது.

பாறைகள் மூன்று வகை. உருகிய குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. மணலும் சேறும் சிப்பியும் படிந்து இறுகினால் படிவுப்பாறை. இந்த இரண்டில் ஏதாவது ஒன்று பூமிக்குள் போய் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறினால் உருமாறிய பாறை. இதில் படிவுப்பாறையின் முழுப் பிழைப்பையும் இந்தக் கரையில் பார்த்துவிடலாம். ராமேஸ்வரம் தீவின் மிக உயரமான இடமான கந்தமாதன பர்வதமே மணல் மேடுதான். தீவில் கருங்கல் கிடையாது. கோயிலில் நீங்கள் பார்க்கும் கடினமான கருங்கல் எல்லாம் வெளியிலிருந்து வந்தது.

அப்படியென்றால் காலுக்குக் கீழே தோண்டிக்கொண்டே போனால் என்ன வரும்?

மேலே மணல். அப்புறம் பல இடங்களில் பவளக்கல், சுண்ணாம்பு கலந்த மணற்கல், களிமண். அதற்கும் கீழே மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கடுக்காக, கிலோமீட்டர் கணக்கில். கடைசியில்தான் யானைமலை மாதிரியான பழைய நைஸ் பாறை (உருமாறிய பாறையில் ஒரு வகை) வரும். மதுரையில் வானத்தைப் பார்த்து நிற்கும் அதே வகைப் பாறை இங்கே ஆழத்தில் புதைந்து கிடக்கிறது.

ஏன் புதைந்தது? ஒரு காலத்தில் இந்தியா, இலங்கை, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பாக இருந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிய ஆரம்பித்தன. நிலம் இழுபட்டால் நடுவில் விரிசல் விழும், விரிசலுக்கு இடைப்பட்ட துண்டு கீழே இறங்கும். அப்படி இறங்கிய பள்ளங்களின் தொகுப்பைத்தான் காவிரிப் படுகை என்கிறோம். அதன் தென்கோடிப் பகுதி ராமநாதபுரம். பள்ளத்தில் ஆறுகளும் கடலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் வண்டலைக் கொட்டின. வண்டலோடு புதைந்த உயிர்ப்பொருள் ஆழத்தில் வெந்து இயற்கை எரிவாயுவாக மாறியது. ராமநாதபுரம் வட்டாரத்தில் ஓஎன்ஜிசி கிணறு போட்டு எடுப்பது அதைத்தான். வழுதூர் மின்நிலையம் ஓடுவதும் அந்த வாயுவில்தான். உங்கள் வீட்டு விளக்கு எரிவதில் கோண்டுவானா உடைந்ததற்கு ஒரு பங்கு இருக்கிறது என்று மாணவர்களிடம் சொன்னால் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இலங்கை வேறு தட்டில் இருக்கிறதா?

இல்லை. நாமும் இலங்கையும் ஒரே இந்தியத் தட்டில்தான் இருக்கிறோம். இடையில் கடல் இருப்பதால் தட்டு வேறு என்று நினைத்துவிடுகிறார்கள். கடற்கரைக் கோடும் தட்டின் எல்லையும் வேறு வேறு. பூமியின் மேலோடும் அதற்கு அடியில் உள்ள மேன்டிலின் இறுகிய மேல்பகுதியும் சேர்ந்ததுதான் தட்டு. கண்டமும் கடல்தரையும் ஒரே தட்டில் இருக்கலாம். கோண்டுவானா உடைந்தபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே ஒரு பிளவு தொடங்கியது, ஆனால் முழுமையாகப் பிரியாமல் பாதியில் நின்றுவிட்டது. மன்னார் வளைகுடா தெற்கே போகப்போக ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமாவதற்குக் காரணம் அந்தப் பிளவுதான்.

இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த நாளிலிருந்து இன்றுவரை தனுஷ்கோடி 3 மீட்டர் நகர்ந்திருக்கிறது. தலைமன்னாரும் கூடவே 3 மீட்டர் நகர்ந்திருக்கிறது. அதனால் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மாறவில்லை.

முன்னே இலங்கைக்கு நடந்தே போகலாம் என்று சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்நீரில் ஒரு பகுதி பனிப்பாளமாக நிலத்தில் கிடந்தது. கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டருக்கும் கீழே இருந்தது. பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைக்கூடத் தொடாது. ஆக, அன்று அது கடல் இல்லை, சமவெளி. தொண்டியில் நின்றால் கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் தரைதான் தெரிந்திருக்கும். பனி உருகி, 7,000 ஆண்டுகளுக்கு முன் வாக்கில் கடல் இப்போதைய மட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

ராமர் பாலம் எதனால் ஆனது? அதன் வயது என்ன?

இந்தக் கேள்வியை நிதானமாகக் கேட்பவர்கள் குறைவு. அதனால்தான் நீளமாகப் பதில் சொல்கிறேன். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் வரை போகும் அந்தத் தொடர் மணல்திட்டுகளாலும், சுண்ணாம்புக் கல்லாலும், பவளத்தாலும் ஆன மேடு. 2024இல் இஸ்ரோவின் தேசியத் தொலை உணர்வு மைய ஆய்வாளர்கள், நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் அனுப்பிய லேசர் தரவுகளைக் கொண்டு அதன் நீருக்கடி வரைபடத்தை வெளியிட்டார்கள். 29 கிலோமீட்டர் நீளம், குறுக்கே 2 முதல் 3 மீட்டர் ஆழமுள்ள 11 ஒடுக்கமான கால்வாய்கள். அந்தக் கால்வாய்கள் வழியாகத்தான் மன்னார் வளைகுடாத் தண்ணீரும் பாக் நீரிணைத் தண்ணீரும் கலக்கின்றன.

தனுஷ்கோடியில் ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல், அலை அடித்துக்கொண்டே இருக்கும். வடக்கே பாக் நீரிணை பெண் கடல், குளம் மாதிரி கிடக்கும். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் மணலைத் தள்ளிக்கொண்டு வரும். வாடைக்காற்று தொடங்கினால் போக்கு திரும்பும். இரண்டு கடலும் சந்திக்கும் இடத்தில் நீரின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் மணல் இறங்கும். அரிச்சல்முனையின் நுனி ஒவ்வொரு பருவத்துக்கும் உருமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இனி வயது. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். வயது என்று கேட்டால், எதனுடைய வயது என்று நிலவியல் திருப்பிக் கேட்கும். திட்டின் மேல் கிடக்கும் ஒரு பவளத் துண்டை எடுத்து ஆய்வு செய்தால், அந்தப் பவளம் எப்போது உயிரோடு இருந்தது என்று தெரியும். அதற்குக் கீழே உள்ள மணல் எப்போது வந்து சேர்ந்தது என்பது வேறு கணக்கு. அந்த மணல் துகள் எந்த மலையில் எப்போது பிறந்தது என்பது இன்னொரு கணக்கு. பவளத்தை அலை எங்கிருந்தோ புரட்டிக் கொண்டுவந்தும் போட்டிருக்கலாம். ஆகவே "பாலத்துக்கு இத்தனை வயது" என்று ஒரே ஒரு எண்ணை யாராவது சொன்னால், எந்த மாதிரி, எங்கே எடுத்தது, எந்த முறை என்ற மூன்றையும் கேளுங்கள். சேதுவை வணங்குபவர்களும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம், வணங்காதவர்களும் கேட்கலாம்.

ராமேஸ்வரத்தில் மிதக்கும் கல் எப்படி மிதக்கிறது? அது எரிமலைக் கல்லா, பவளமா?

தொட்டியில் மிதக்கும் கல்லை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எந்தக் கல் என்று தூரத்தில் நின்று சொல்ல முடியாது. கையில் எடுத்துப் பார்க்கக் கிடைத்தால் சொல்லிவிடலாம்.

மிதக்கும் கற்களில் பேர்போனது பியூமிஸ் எனப்படும் எரிமலைக் கல். எரிமலைக் குழம்பில் நீராவியும் வாயுக்களும் கரைந்திருக்கும். குழம்பு மேலே வரும்போது அழுத்தம் சட்டென்று குறையும், கரைந்திருந்த வாயு குமிழாக வெளியே வரும். கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் நுரை பொங்குகிறதே, அதே வேலைதான். அந்த நுரை பொங்கிய நிலையிலேயே ஆறிக் கண்ணாடியாக இறுகிவிட்டால் பியூமிஸ். உள்ளே முழுக்கக் காற்றறைகள், அதனால் மிதக்கிறது. 1883 ஆகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவின் கிரக்கதோவா வெடித்தபோது இந்தக் கல் பாய் விரித்தமாதிரி கடலில் பரந்து, இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரைவரை போய் ஒதுங்கியது. நம் கடலோரத்தில் ஒரு பியூமிஸ் துண்டு கிடந்தால் அது இங்கே பிறந்தது என்று அர்த்தம் இல்லை. கடல் எங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

பவளக்கல்லிலும் துளைகள் நிறைய உண்டு, ஆனால் அது பொதுவாக மூழ்கிவிடும். சுண்ணாம்பு கனமான பொருள். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் கல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்: கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அதேதான். வெள்ளையாக, நீள்வட்டமாக, நகத்தால் கீறினால் மாவாக உதிரும். நன்றாக மிதக்கும்.

எப்படிப் பிரித்துச் சொல்வது? கரையில் ஒதுங்கிய துண்டிலிருந்து கொஞ்சம் தூள் சுரண்டி ஒரு தட்டில் வையுங்கள். அதில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில சொட்டு விடுங்கள். கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால் பவளத்தூளிலும் கணவாய் ஓட்டுத்தூளிலும் ஊசிமுனை அளவு குமிழ்கள் வரிசையாகக் கிளம்பும், காதருகே வைத்தால் மெல்லிய சீறல்கூடக் கேட்கும். கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரைந்து கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. பியூமிஸ் தூள் அசையாமல் கிடக்கும், ஏனென்றால் அது சிலிக்கா நிறைந்த கண்ணாடி. தூள் கையில் நறநறவென்று உறுத்தினால் அதுவும் ஓர் அடையாளம். கோயிலில் வைத்திருக்கும் கல்லில் இதைச் செய்யக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ராமநாதபுரத்தில் எரிமலை வெடிக்க வாய்ப்பு உண்டா?

இல்லை. எரிமலை வர மூன்று சூழல்களில் ஒன்றாவது வேண்டும். தட்டுகள் விலகும் இடம், ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் இடம், அல்லது ஆழத்திலிருந்து வெப்பம் தனியாக மேலே வரும் இடம். இது மூன்றும் இப்போது நமக்கு அடியில் இல்லை. நாம் தட்டின் உள்பகுதியில் இருக்கிறோம். இந்தியாவில் இன்று உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு மட்டும்தான். அது 1991இல் மீண்டும் விழித்து, அதற்குப் பிறகும் பலமுறை புகைந்திருக்கிறது. அங்கே இந்தியத் தட்டு கிழக்கே பர்மா தட்டுக்கு அடியில் நுழைகிறது. உள்ளே போகும் தட்டிலிருந்து தண்ணீர் பிரிந்து மேலே உள்ள பாறையில் கலக்கும். நீர் கலந்தால் பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். அந்தக் குழம்புதான் எரிமலையாகிறது.

நிலநடுக்கமும் சுனாமியும்?

நிலநடுக்க ஆபத்து இங்கே குறைவு, அறவே இல்லை என்று எங்கும் சொல்ல முடியாது. சுனாமி வேறு விஷயம். அது வெளியூரில் பிறந்து நம்மிடம் வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு மேற்கே, இந்தியத் தட்டு அடியில் நுழையும் அதே எல்லையில், 9.1 அளவில் நிலநடுக்கம் வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குக் கடல்தரை பிளந்து நகர்ந்தது. கடல்தரை எழும்பினால் அதன் மேலிருக்கும் முழு நீரும் எழும்பும், அதுதான் சுனாமி. நாகப்பட்டினம் நேரடியாக அடி வாங்கியது. ராமநாதபுரம் கரையில் பாதிப்பு குறைவாக இருந்ததற்குப் பெரிய காரணம் குறுக்கே நின்ற இலங்கை. ஆனால் அலை தீவைச் சுற்றி வளைந்தும் வரும். ஆகவே இலங்கை இருக்கிறது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. 2007 முதல் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் சுனாமி எச்சரிக்கை தருகிறது. கடல் திடீரென்று உள்வாங்கினால் எச்சரிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம், மேட்டுக்கு ஓடுங்கள்.

1964இல் தனுஷ்கோடி அழிந்தது நிலம் உள்ளே இறங்கியதாலா?

டிசம்பர் 22, 23 இரவு வந்த புயலும், அது தள்ளிக்கொண்டு வந்த கடல் நீரும்தான் காரணம். ரயிலோடு சேர்த்து ஊரை வாரிக்கொண்டு போனது அந்த நீர். புவித்தட்டைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் தாழ்ந்த மணல் நாக்கு. அப்படிப்பட்ட நிலத்தின் மேல் புயல் நீர் ஏறுவது இயல்பு.

தனுஷ்கோடி சர்ச் சுவரில் பூப்பூவாகத் தெரிவது என்ன?

நல்ல கேள்வி. முக்கால்வாசிப் பேர் அந்தச் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சுவரை ஒரு சாண் தூரத்தில் பாருங்கள். அது பவளக்கல்லால் கட்டிய சுவர். சில கற்களில் விரல்நுனி அளவு வட்டங்கள் தேன்கூடு போல நெருங்கி இருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் ஆரம் ஆரமாக ஓடும். ஒவ்வொரு வட்டமும் ஒரு பவள உயிரி குடியிருந்த கிண்ணம். அந்த உயிரி கடல்நீரிலிருந்து கால்சியமும் கார்பனேட்டும் எடுத்துத் தன் அடியில் அரகோனைட் என்ற கனிமமாகப் படியவைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டே போகும். வேறு சில கற்களில் கிண்ணங்கள் கடுகளவுகூட இருக்காது, தடவினால் மட்டும் சொரசொரப்பு தெரியும். அது பெரும்பாலும் போரைட்டிஸ் வகை. அந்த வகை ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். முழங்கை நீளக் கல் ஒன்று சுவரில் இருந்தால், ஏறக்குறைய நாற்பது ஐம்பது ஆண்டு கடல் வாழ்க்கை அதில் அடுக்காகப் பதிந்திருக்கிறது.

உயிர்ப் பவளத்தைவிட முக்கியமானது மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் கரைகளில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, வளர்ந்த நிலையிலேயே இறந்து நிற்கும் பழைய பவளத்திட்டு. 1972இல் ஸ்டாடார்ட், கோபிநாத பிள்ளை என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். ரேடியோ கார்பன் கணக்கில் சுமார் 4,000 ஆண்டு வயது வந்தது. பவளம் தண்ணீருக்கு வெளியே வளராது. ஆகவே அன்று அந்த இடம் நீருக்கடியில் இருந்திருக்க வேண்டும். கடல் அன்று கொஞ்சம் உயர்ந்து நின்றதா, நிலம் பிறகு எழும்பியதா என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது.

இதே கரையில் இன்னொரு கல்லும் உண்டு, கடற்கரைப் பாறை. அலை ஏறி இறங்கும் பட்டையில் மணலும் சிப்பியும் சுண்ணாம்புப் பசையால் ஒட்டிப் பலகை பலகையாகக் கிடக்கும். இது இறுகச் சில பத்தாண்டுகளே போதும். உலகத்தின் பல கரைகளில் இதற்குள் கண்ணாடிப் பாட்டில் துண்டுகள்கூடச் சிக்கி இருக்கின்றன. கல் என்றாலே கோடி வருடம் என்று நினைப்பவர்களை நான் முதலில் கூட்டிக்கொண்டு போவது இதனிடம்தான்.

கனிமம் என்றால் என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போய்விடலாம், அங்கே சொல்வது சுலபம். இயற்கையாக உருவான, குறிப்பிட்ட வேதிச்சேர்க்கை உள்ள, அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட திடப்பொருள் கனிமம். நீங்கள் சாப்பிடும் கல்லுப்பு ஒரு கனிமம், ஹாலைட் என்று பெயர். பாறை என்பது கனிமங்களின் கூட்டம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். வெயிலில் நீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாக வெளியே வராது. முதலில் கொஞ்சம் கால்சியம் கார்பனேட் படியும். நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக வற்றியதும் ஜிப்சம். பத்தில் ஒரு பங்கானதும் சாப்பாட்டு உப்பு. அதனால்தான் உப்பளத்தில் தண்ணீரை ஒரே பாத்தியில் வைக்காமல் அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றுகிறார்கள், டிகிரி பார்த்து. இந்த டிகிரி வெப்பம் இல்லை, நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவு. 25 டிகிரி வாக்கில் உப்பு விழ ஆரம்பிக்கும். மிச்சம் இருக்கும் மெக்னீசியம் நிறைந்த கசப்பு நீரை உப்போடு சேரவிடாமல் வெளியேற்றுவார்கள்.

காற்று இல்லாத மதிய வேளையில் உப்புப் பாத்தியின் ஓரம் குந்தி உட்கார்ந்து நீர்ப்பரப்பைச் சாய்வாகப் பாருங்கள். சதுரமான, நடுவில் குழிந்த சின்னச் சின்னத் தகடுகள் மிதக்கும். உப்பின் அணுக்கள் கனசதுரமாக அடுக்கப்படுவதால் படிகமும் சதுரமாகவே வருகிறது. ஓரம் வேகமாக வளர்ந்து நடு பின்தங்குவதால் குழி. விரலால் லேசாகத் தட்டினால் மூழ்கி, அடியில் போய் வளர்ச்சியைத் தொடரும். முந்தைய பாத்தியின் தரையில் காலைக் குத்தும் ஊசி ஊசியான படிகம் ஜிப்சம். அதை நகத்தால் கீறலாம், கடினத்தன்மை 2. சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் 3, சாதாரண மணல் துகளான குவார்ட்ஸ் 7. 1812இல் பிரெட்ரிக் மோஸ் வகுத்த 1 முதல் 10 வரையான வரிசை இது. குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், கால்சைட் கீறாது. கையில் ஒரு கண்ணாடித் துண்டும் எலுமிச்சம்பழமும் இருந்தால் இந்தக் கரையில் பாதிக் கனிமங்களுக்குப் பெயர் சொல்லிவிடலாம். கீழக்கரை முத்தும், சங்கும், பவளமும் அதே அரகோனைட் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுக்கும் விதத்தில்தான் வித்தியாசம்.

மணலில் கருப்பாகக் கோடு கோடாகக் கிடப்பது அழுக்கா?

அழுக்கு இல்லை, கனமான கனிமங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அந்தக் கோட்டின் மேல் நகர்த்துங்கள். கருப்புத் துகள்கள் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து ஒட்டும், அது மேக்னடைட். அவ்வளவாக ஒட்டாத கருப்பு பெரும்பாலும் இல்மனைட். இளஞ்சிவப்பாகத் தெரிவது கார்னெட். உள்நாட்டு மலைகளின் நைஸ், சார்னோகைட் பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்தவை இவை. லேசான குவார்ட்ஸை அலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது பின்தங்கிக் கோடாகப் படியும்.

பாறைக்கு வயது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ரேடியோ கார்பன் எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. பத்திரிகைச் செய்திகளில் மிக அதிகமாகக் குழம்பும் இடம் இது.

உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் கார்பன்-14. உயிர் இருக்கும்வரை காற்றிலிருந்தோ நீரிலிருந்தோ கார்பன் உள்ளே வந்துகொண்டே இருக்கும், இறந்ததும் வரத்து நின்றுவிடும். உள்ளே இருக்கும் கார்பன்-14 மட்டும் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்க எதுவும் மிஞ்சாது. வைகை முகத்துவாரத்தில் உள்ள அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த கரிக்கு இது சரியான முறை. யானைமலைப் பாறைக்கு இதனால் பயன் இல்லை. கடல் பொருட்களுக்கு ஒரு சிக்கலும் உண்டு. கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால் இன்று இறந்த சிப்பிகூடச் சுமார் 400 வயது மூத்ததாகக் காட்டும். அதைக் கழித்துத்தான் சொல்ல வேண்டும்.

தீப்பாறைக்கும் உருமாறிய பாறைக்கும் சிர்க்கான் என்ற கனிமத்தைத் தேடுவார்கள். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. பிறகு யுரேனியம் சிதைந்து ஈயமாகும். யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு ஆகும். உள்ளே சேர்ந்திருக்கும் ஈயத்தையும் மிஞ்சியிருக்கும் யுரேனியத்தையும் அளந்து ஒப்பிட்டால் படிகத்தின் வயது கிடைத்துவிடும். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்க்கான் 440 கோடி ஆண்டு பழையது. பூமியின் வயதான 454 கோடி ஆண்டு, விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து வந்தது. 1956இல் கிளேர் பேட்டர்சன் அதை முதன்முதலில் உறுதியாகச் சொன்னார்.

மணல் மேட்டுக்கு இன்னொரு முறை. குவார்ட்ஸ் துகள் இருட்டில் புதைந்திருக்கும்போது சுற்றியுள்ள கதிரியக்கத்தால் அதற்குள் சக்தி சேரும். சூரிய ஒளி பட்டால் அது காலியாகிவிடும். ஆகவே இரும்புக் குழாயை மேட்டில் அடித்து, வெளிச்சம் படாமல் மணலை எடுத்து, ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சி அளக்கிறார்கள். கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று தெரியும்.

இப்போது மண்டபத்தில் ஒரு கைப்பிடி மணல் அள்ளுங்கள். அதில் உள்ள சிர்க்கான், மலை உருவான காலத்தைச் சொல்லும், பல கோடி ஆண்டு. சிப்பித்துண்டு, அந்த உயிர் இறந்த காலத்தைச் சொல்லும், சில நூறாக இருக்கலாம். குவார்ட்ஸ், புதைந்த காலத்தைச் சொல்லும். மூன்று எண்ணும் சரி. மணலின் வயது எது என்று கேட்டால், எந்த நிகழ்ச்சியைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வழியில்லை. ராமர் பாலத்துக்கு மேலே சொன்னதும் இதுவேதான்.

சுற்றிலும் உப்புக் கடல். தனுஷ்கோடி மணலில் தோண்டினால் நல்ல தண்ணீர் வருவது எப்படி?

மழைநீர் மணலில் இறங்குகிறது. நன்னீர் கடல்நீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் லேசு, அதனால் உப்புநீரின் மேல் கலக்காமல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆழமில்லாத ஊற்றுத் தோண்டி, ஊற ஊறக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு எடுக்கும் பழக்கம் இதற்கு மிகப் பொருத்தமானது. மோட்டார் வைத்து ஒரேயடியாக இழுத்தால் மேல்மட்டம் ஓர் அடி இறங்கும், கீழே உப்புநீர் 40 அடி ஏறும். அப்புறம் அந்த ஊற்று திரும்ப இனிக்க ரொம்ப காலம் ஆகும். கடலோர கிராமங்களில் ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு முன் பஞ்சாயத்துகள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்கள் மாதிரி எடுத்துப் போகலாமா? எந்த மாதத்தில் வரலாம்?

பவளத்தை எடுக்கக் கூடாது, இறந்த துண்டாக இருந்தாலும். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் தீவுகள் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. சுண்ணாம்புச் சூளைக்காகப் பவளத்தை வெட்டியதும், தீவுகள் கரைந்ததும் இந்தக் கரை கண்ட இழப்புகள். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. மணல், உப்பு, ஜிப்சம் கொஞ்சம் வேண்டுமென்றால் உப்பளத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்து எடுங்கள், இல்லையென்றால் அளவு தெரியாது.

உப்பளம் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. அரிச்சல்முனையில் மணல் நகர்வதைப் பார்க்கக் கச்சான் அடிக்கும் ஜூன், ஜூலை. பழைய பவளத்திட்டுக்கும் கடற்கரைப் பாறைக்கும் மாதம் முக்கியமில்லை, வற்றம் முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். என்றைக்கு எத்தனை மணிக்கு வற்றும் என்பதைப் பாம்பனில் எந்த மீனவரிடம் கேட்டாலும் சொல்வார். செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள், பவளக்கல் காலைக் கிழித்துவிடும்.